பற்று நோட்டும் பரமண்டல ஜெபமும்

எங்கள் கடையில் கல்லாவுக்கு மேலே இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று சபையில் டிசம்பர் கடைசியில் கொடுக்கிற வசனக் காலண்டர். இன்னொன்று அப்பா காலத்தில் ஒட்டிய ஸ்டிக்கர், மஞ்சளில் சிவப்பு எழுத்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஏறி இப்போது சுரண்டினாலும் வராத அளவுக்குச் சுவரோடு சேர்ந்துவிட்டது: கடன் அன்பை முறிக்கும். இரண்டையும் மாட்டியது ஒரே மனுஷன்தான் என்பதை நான் ரொம்ப வருஷம் யோசித்ததே இல்லை.

கடை மதுரை செல்லூரில். வைகைக்கு வடகரை, தறிச் சத்தம் கேட்கிற தெரு. அப்பா திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, முதலில் இன்னொருவர் கடையில் பொட்டலம் மடித்து, அப்புறம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் சொந்தமாகத் தொடங்கியது. எனக்கு நாற்பத்தாறு வயது, ஆனால் அறுபது வயதுக்காரரும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார். மளிகைக் கடைக்காரன் பிறக்கும்போதே அண்ணாச்சிதான். சரக்கு எடுப்பது கீழமாசி வீதியில், வெங்காயத்துக்கு மட்டும் கீழமாரட் வீதி. விடிகாலை ஐந்தரைக்குப் பால் வரும்போது ஷட்டரைத் தூக்கினால் இரவு பத்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆராதனை முடிந்து வந்துதான் திறப்பேன், அந்த நாலு மணி நேர வியாபாரம் போகிறதே என்று அப்பாவும் முணுமுணுத்தார், நானும் முணுமுணுக்கிறேன்.

தறிக்கூலி சனிக்கிழமை. அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடனில்தான் போகும். பெரிய கடைகளில் ஏசி உண்டு, கூடை உண்டு, கடன் கிடையாது. எங்களை மாதிரிக் கடைகள் இன்னும் மூடாமல் இருப்பதே அதனால்தான். வீட்டுக்கு ஒரு சிட்டை, கடையில் நீள நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம், சனிக்கிழமை ராத்திரி இரண்டையும் ஒத்துப் பார்த்துக் கூட்டி வாங்குவது. கடன் அன்பை முறிக்கும் என்று எழுதிப்போட்டுவிட்டு, அதற்குக் கீழேயே உட்கார்ந்து கடன் எழுதுவதுதான் எங்கள் தொழில்.

இந்த வருஷம் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், எங்கள் ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒரு வேலை கொடுத்தார். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை ஒரு நாளைக்கு ஒரு வரி என்று எடுத்துக்கொண்டு, வேதப்புத்தகத்தில் அது இருக்கிற இடத்தையும் முன்பின் வசனங்களையும் வாசித்து, அந்த வரியோடு நாள் முழுக்க இருக்க வேண்டும். நான் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணிக்குள், ஈ கூட வராத நேரத்தில், கல்லாவில் உட்கார்ந்து வாசிப்பேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் தட்டி நின்றேன். சின்ன வயதிலிருந்து சபையில் எழுந்து நின்று நாங்கள் சொல்வது "எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல". வேதப்புத்தகத்தில் அச்சிட்டிருப்பது "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்".

கடனாளிகளுக்கு. முழங்கைக்குக் கீழே நோட்டு. கையில் பேனா.

இந்த வசனத்தை நான் இதற்கு முன் வாசிக்காதவன் இல்லை. நூறு தடவை வாசித்திருப்பேன். ஆனால் வாசிக்கும்போதெல்லாம் மனசுக்குள் 'கடன்' என்பது தானாகவே 'குற்றம்' என்று மாறிக்கொள்ளும், ஏனென்றால் வாய் அப்படிப் பழகியிருக்கிறது. குற்றம் என்றால் வசதி. யாரோ எப்போதோ நம்மைப் பற்றித் தப்பாகப் பேசினார், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒழுங்காக அழைக்கவில்லை, அதையெல்லாம் கண்ணை மூடி மன்னித்துவிடலாம், கல்லாவிலிருந்து ஐந்து பைசா போகாது.

அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். மூல மொழியான கிரேக்கத்தில் மத்தேயுவில் இருக்கிற சொல் கடன் என்கிற சொல்தான், பணம் கொடுக்கல் வாங்கலில் புழங்குகிற அதே சொல், தமிழில் ஹென்றி பவர் குழுவினர் 1871இல் வெளியிட்ட திருப்புதலில் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்றார். இதே ஜெபத்தை எழுதுகிற லூக்கா முதல் பாதியில் 'பாவங்கள்' என்று சொல்லிவிட்டு, அடுத்த பாதியில் 'எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும்' என்று நம் பக்கம் வரும்போது மறுபடி கடனுக்கே வந்துவிடுகிறார், போய்ப் பாருங்கள் என்றார். பார்த்தேன். ஆமாம். கூடவே ஒரு புத்தகமும் கொடுத்தார். அதுவும் கடன்தான், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் நான் சுவிசேஷங்களைக் கடைக்காரன் கண்ணோடு வாசிக்க ஆரம்பித்தேன். ஆச்சரியமாக இருந்தது, இயேசு என்கிற இந்த மனுஷர் எவ்வளவு கணக்கு வழக்குப் பேசியிருக்கிறார்! ஐந்நூறு வெள்ளிக்காசு கடன்பட்டவன், ஐம்பது கடன்பட்டவன். நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசுகிற திராட்சைத் தோட்டக்காரர். வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் முதலாளியின் கடனாளிகளைக் கூப்பிட்டு, "உட்கார்ந்து, சீக்கிரமாய் ஐம்பது என்று எழுது" என்று நூறை ஐம்பதாக்குகிற அந்தக் கில்லாடி உக்கிராணக்காரன். எந்தப் பிரசங்கத்திலும் அந்தக் கதையை நிம்மதியாக விளக்கி நான் கேட்டதில்லை, ஐயர்மார் எல்லாருமே அந்த இடத்தில் கொஞ்சம் வியர்த்துவிடுவார்கள்.

மாற்கு ஆறாம் அதிகாரத்தில் ஊர்க்காரர்கள் "இவன் தச்சனல்லவா" என்கிறார்கள். பிரசங்கம் பண்ணி ஊர் ஊராகப் போனது மூன்று வருஷம் போல. அதற்கு முன் முப்பது வருஷம் நாசரேத்தில். அந்த ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் செப்போரிஸ் என்று ஒரு பட்டணம், கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா அந்தச் சமயத்தில்தான் அதைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான். ஏர் செய்து கொடுத்தாரோ, கதவு செய்தாரோ, அந்தப் பட்டணத்து வேலைக்குப் போனாரோ, எதுவும் எழுதியில்லை. ஆனால் தச்சு வேலை செய்தவருக்கு வர வேண்டிய பாக்கி இல்லாமலா இருந்திருக்கும்? அறுவடை முடிந்து தருகிறேன் என்று ஏரை வாங்கிப்போனவன் ஒருத்தனாவது இருந்திருப்பான், இது என் யூகம். அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது அவர் எந்தப் பக்கம் பார்த்து நடந்திருப்பார் என்பதை நினைத்துக்கொண்டே ஒரு நாள் முழுக்கச் சர்க்கரை எடை போட்டிருக்கிறேன்.

கடன் அந்த நாட்டில் எப்பேர்ப்பட்ட விஷயம் என்பதற்கு அந்தக் கடன் புத்தகத்தில் ஒரு செய்தி. இயேசுவுக்கு ஒரு தலைமுறை கழித்து, கி.பி. 66இல் எருசலேமில் ரோமர்களுக்கு எதிராகக் கலகம் வெடித்தபோது, கலகக்காரர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று ஆவணக் கிடங்குக்குத் தீ வைத்தது. அதற்குள் இருந்தவை கடன் பத்திரங்கள். யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதிவைத்திருக்கிறார். நம் ஊரிலும் மீட்டர் வட்டி, தண்டல், வாரக் குழு என்று தெருவுக்கு நாலு வலை விரிந்து கிடக்கிறது, 2003இல் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டமே போட்டார்கள், இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை காலையில் குழுக்காரர் பைக் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அப்படிப்பட்ட ஜனங்களைப் பார்த்து, மலைமேல் உட்கார்ந்துகொண்டு, ஜெபிக்கும்போது கடனைப் பற்றி இப்படிச் சொல்லுங்கள் என்றால் கேட்டவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்.

சரி, தறிக்கார அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் யூத வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அவர் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், அக்கா வீட்டிலேயே தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுப்பார். அப்பா காலத்திலிருந்து எங்கள் வாடிக்கை. 2020 மார்ச்சில் எல்லாம் நின்றது, நூல் வரவில்லை, நெய்த துண்டுகள் அடுக்கிக் கிடந்தன. கொஞ்சம் திறந்தார்கள், உடனே ஜூன் 24 முதல் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள், ஜூலை வரை இழுத்தது. அந்த மாதங்களில் நோட்டில் அவர் பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போய், அதுவும் நிரம்பியது. ஐந்து கிலோ அரிசி, கால் கிலோ துவரம் பருப்பு, நூறு மில்லி நல்லெண்ணெய், ஒரு தீப்பெட்டி. ஆடம்பரமாக ஒரு சாமான் கிடையாது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'சேமியா, முந்திரி 10 ரூ.' என்று இருக்கும், மகள் பிறந்தநாளாக இருக்கலாம். மொத்தம் 11,340. 2021இல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 8,400க்குக் கொண்டுவந்தார். அதோடு நின்றது. அடுத்த வருஷம் ஆளே வருவதில்லை.

கடைக்காரர்களுக்குத் தெரியும், பாக்கி வைத்தவர் பாக்கியைத் தராதது கூடப் பெரிய வலி இல்லை. அவர் வேறு கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவார், அதுதான் வலி. நம் கடைக்கு வந்தால் பழைய பாக்கியைக் கேட்போம் என்று பயந்து, அடுத்த தெரு சுற்றி, பெரிய கடையில் காசு எண்ணிக் கொடுத்து அரிசி வாங்கிப் போவார்கள். பாக்கியும் போய், வியாபாரமும் போய், எதிரே பார்த்தால் சிரிப்பும் போய்விடும். அப்பாவின் ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், அக்கா அந்தப் பெரிய கடையின் பையோடு எதிர்ப்பக்கமாகப் போனார். கூட மகள், கல்லூரி அடையாள அட்டை கழுத்தில். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கையில் கத்தரிக்கோல், தொங்கவிட்டிருந்த ஷாம்பு சரத்திலிருந்து ஒன்றை வெட்டிக்கொண்டே சத்தமாகக் கேட்டேன்.

"என்னக்கா, நம்ம கடைக்கு வழி மறந்துபோச்சா? எட்டாயிரத்து நானூறும் மறந்துபோச்சா?"

அக்கா நின்றார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க அண்ணாச்சி, குடுத்துர்றேன்" என்றார். மகள் என்னையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை, கழுத்து அட்டையைத் திருப்பி எழுத்து உள்பக்கம் போகும்படி சட்டையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடையில் நின்றவர்களில் ஒருத்தர் சிரித்தார். நான் ஷாம்பைக் கொடுத்து ஒரு ரூபாய் வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

இந்த லெந்தில் மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் வந்தபோதுதான் அந்தச் சாயங்காலம் திரும்பி வந்தது. கதை எல்லாருக்கும் தெரியும். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன், ராஜா அதை முழுசாக மன்னித்துவிடுகிறார். அவனிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரன். பிரசங்கங்களில் இந்த நூறை எப்போதும் 'அற்பக் கடன்' என்பார்கள். நான் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. இன்றைக்கு ஒரு சித்தாள் கூலி 600 என்று வைத்தாலும் நூறு நாளுக்கு 60,000 ரூபாய். எனக்கு யாராவது அறுபதாயிரம் தர வேண்டியிருந்தால் நான் தூங்க மாட்டேன். அற்பம் என்று சொல்கிறவர்கள் கடை வைத்துப் பார்க்கட்டும். இயேசு சின்னத் தொகையாகச் சொல்லி நம்மை லேசாக விட்டுவிடவில்லை, வலிக்கிற தொகையாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

ராஜாவிடம் பட்ட கடன் கணக்குக்கே வராது. ஒரு தாலந்து 6,000 நாள் கூலி. பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள், வருஷமாக்கினால் 1,64,000 வருஷம். அதே 600 ரூபாய்க் கணக்கில் 3,600 கோடி. அந்திப்பாவுக்குக் கலிலேயா, பெரேயா இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு வந்த வரியே 200 தாலந்து என்று ஜோசபஸ் சொல்கிறார், அப்படியானால் இது இயேசு வளர்ந்த நாட்டின் ஐம்பது வருஷ வருமானம். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. ராஜாவின் காலில் விழுந்தவன் சொல்வது, "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்". கொஞ்ச நேரத்தில் அவன் காலில் விழுந்தவன் சொல்வதும் அதே வாக்கியம். அவன் தன் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்கிறான், கேட்டும் அடையாளம் தெரியவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கங்க, குடுத்துர்றேன்." இதை நான் கீழமாசி வீதியில் சொல்லியிருக்கிறேன். 2020 செப்டம்பரில். மொத்தக் கடைப் பெரியவருக்கு நான் அப்போது ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் தர வேண்டும், கையில் இருபதாயிரத்தோடு போய் நின்றேன். நெற்றி நிறையத் திருநீறு, பின்னால் மீனாட்சி படத்துக்குக் கதம்பம். பணத்தை எண்ணக்கூட இல்லை, மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "மொதல்ல சரக்க எடுத்துட்டுப் போ தம்பி, ஒங்கடை காலியா கெடந்தா எனக்கு எப்படிப் பணம் வரும்" என்றார். கடையாளைக் கூப்பிட்டு மூட்டை ஏற்றச் சொன்னார். அவர் ஒரு பைசா தள்ளுபடி செய்யவில்லை, நானும் 2023க்குள் முழுசாகக் கட்டிவிட்டேன், ஆனால் அந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அடுத்தவர் முன்னால் அந்தத் தொகையைச் சொன்னதில்லை.

அந்த வேலைக்காரன் உடன்வேலைக்காரனைப் பிடித்து 'தொண்டையை நெரித்து' என்று எழுதியிருக்கிறது. நான் கை வைக்கவில்லை. ஷாம்பு வெட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னேன். அந்த எட்டாயிரத்து நானூறை அடித்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன். என் மனைவிதான் கடைக் கணக்கைக் கூட்டுகிறவள், பக்தியில் என்னைவிட இரண்டு படி மேல், ஆனால் கூட்டல் என்று வந்தால் யாருக்கும் சலுகை கிடையாது. "மன்னிக்கிறது நீங்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுறது யாரு?" என்றாள். நோட்டை எடுத்து இரண்டு பேருமாக உட்கார்ந்து பழைய பாக்கிகளைக் கூட்டினோம். இருபத்து மூன்று பக்கம், 71,250 ரூபாய். அதில் நாலைந்து பேர் வைத்துக்கொண்டே தராதவர்கள், ஒருத்தர் போன மாதம் புது பைக் எடுத்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, இப்போதைக்கு உத்தேசமும் இல்லை. வரி வசூலிக்கிற ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயுவை எழுந்து வரச் சொன்ன இயேசு, அதே வரித் தொழில் செய்த, காட்டத்தி மரத்திலிருந்து இறங்கின சகேயுவைத் தொழிலை விடச் சொல்லவில்லை. நான் சகேயு கட்சி. கடை நடக்க வேண்டும். எல்லாப் பக்கத்தையும் கிழித்தால் அடுத்த சனிக்கிழமை அரிசிக்குத் தெருவில் இருக்கிற நாற்பது வீடும் எங்கே போகும் என்று கேட்டால் அது சாக்கு மாதிரியும் இருக்கிறது, உண்மை மாதிரியும் இருக்கிறது.

ஆனால் அக்காவின் பக்கத்தை விட்டுவிடுவது என்று முடிவானது. அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார், யாராவது வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுப் பழைய பாக்கியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு முடித்துவிடுவார், யாரிடமும் சொல்ல மாட்டார். எனக்கு அந்தச் சொல்லாமல் இருக்கிற புத்தி வரவில்லை. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை முடிந்து, "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று இயேசு சிலுவையில் சொன்ன முதல் வார்த்தையைக் கேட்ட சூட்டோடு, வெள்ளை வேட்டியும் வேதப்புத்தகமுமாக நேராக அவர் வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் இருந்தார், பக்கத்து வீட்டம்மா வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே, அக்கா, உங்கள் பாக்கியை நான் தள்ளிவிட்டேன், இனிமேல் ஒரு பைசா தர வேண்டாம், தாராளமாகக் கடைக்கு வாருங்கள் என்றேன். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கண் கலங்குவார், கும்பிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

தறி நின்றது. அக்கா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒங்ககிட்ட தர்மமா கேட்டேன்? அன்னிக்கு ரோட்ல வச்சுக் கேட்டீங்க, இன்னிக்கு வீட்ல வந்து குடுக்குறீங்க. ரெண்டுக்கும் ஆளு பாக்கணும் ஒங்களுக்கு" என்றார். பூ கட்டுகிற அம்மாவின் கை நின்றுவிட்டது. நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வேதப்புத்தகத்தை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தெருமுனை வரை மாற்றி மாற்றிப் பிடித்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் யோவான் இருபத்தொன்று வாசித்தார்கள். உயிர்த்தெழுந்த பின் கடற்கரையில் காலைச் சாப்பாடு. பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவர், அதுவும் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்த இடத்தில். இங்கே கரையில் மறுபடியும் கரிநெருப்பு. இந்தச் சொல் யோவானில் இந்த இரண்டு இடத்திலும்தான் வருகிறது, ஐயர் இதைச் சொன்னார், அருமையாகச் சொன்னார், ஆனால் அவர் தாண்டிப்போன ஒரு வரியில் நான் மாட்டிக்கொண்டேன். கரைக்கு வந்து பார்க்கிறார்கள், நெருப்பின்மேல் மீன் ஏற்கெனவே இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. ஆனாலும் இயேசு, "நீங்கள் இப்பொழுது பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவாருங்கள்" என்கிறார். எதற்கு? அவரிடம்தான் மீன் இருக்கிறதே! பேதுரு போய் வலையை இழுக்கிறான், நூற்றைம்பத்து மூன்று பெரிய மீன். அதிலிருந்து கொண்டுவரச் சொல்லி, தன் மீனோடு அவன் மீனையும் சேர்த்துத்தான் விருந்து வைக்கிறார். ஏண்டா மறுதலித்தாய் என்று மற்றவர்கள் முன்னால் கேட்கவும் இல்லை, மன்னித்துவிட்டேன் என்று அறிவிக்கவும் இல்லை. சாப்பிட்டு முடிந்த பிறகுதான் பேச்சு, அதிலும் கேட்டது நேசிக்கிறாயா என்று.

அவன் வெறுங்கையோடு உட்கார வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அப்படித்தான் படுகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி போனேன். சட்டை கைலி, கையில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணை காலியா என்று பார்த்துக்கொண்டுதான் நுழைந்தேன். ரோட்டில் வைத்துக் கேட்டது என் தப்பு அக்கா, வீட்டில் வந்து அப்படிச் சொன்னதும் தப்புதான் என்றேன். பாக்கி அப்படியே இருக்கட்டும், முடிகிறபோது முடிகிறதைக் கொடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் தார்க் கட்டையை உருட்டிக்கொண்டே இருந்தார். "வாரம் எரநூறு. அதுக்கு மேல முடியாது" என்றார். சரிக்கா என்றேன். "என்கிட்ட சொன்னது சரி. அவகிட்ட யாரு சொல்றது?" என்று உள்பக்கம் தலையைக் காட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது, மகள் படித்துக்கொண்டிருந்தாள் போல. என்னால் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. இன்னும் சொல்லவில்லை. அவள் அம்மாவோடு வந்தாலும் கடைக்குள் ஏறுவதில்லை, ரோட்டிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா சனிக்கிழமை தோறும் வருகிறார். இருநூறு கொடுத்து, நோட்டில் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, அந்த வாரச் சாமானை ரொக்கத்துக்கு வாங்கிப் போகிறார். மூன்றாவது வாரம், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், கடையில் நாட்டுச்சர்க்கரைக்குக் கூட்டம், சொம்புக்குச் சர்க்கரை கேட்டு வருகிறவர்களுக்கு எடை போட்டே கை வலித்தது. அந்தக் கும்பலில் எனக்கு லூக்காவின் உக்கிராணக்காரன் புத்தி வந்துவிட்டது. இருநூறை வரவு வைத்துவிட்டு, மிச்சம் 7,800 என்று எழுத வேண்டிய இடத்தில் 6,800 என்று சட்டென்று எழுதி நோட்டை மூடப் போனேன். ஒரு ஆயிரம் யாருக்கும் தெரியாமல் கரையட்டுமே.

"தொறங்க" என்றார் அக்கா.

திறந்தேன். விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வந்தார், உதடு அசைகிறது.

"எட்டாயிரத்து நானூறுல மூணு எரநூறு போனா எவ்வளவு அண்ணாச்சி?"

பின்னால் நின்ற ஒரு பெரியவர், "ஏழாயிரத்து எண்ணூறு" என்று எடுத்துக் கொடுத்தார்.

"கேட்டீங்கள்ல? அடிச்சுட்டு ஒழுங்கா எழுதுங்க. கடையில ஒக்காந்துருக்குறவருக்குக் கணக்குத் தெரியலன்னா எப்படி?" கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து. நான் அடித்துவிட்டு 7,800 என்று எழுதினேன். அவர் அதையும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, அரைக் கிலோ நாட்டுச்சர்க்கரை, பத்து ரூபாய்க்கு ஏலக்காய், அழகருக்கு, எடை பார்த்துப் போடுங்க என்றார்.